மழைக்கு ஒரு கார் வாங்கின கதை

போன வாரம் பழைய பதிவர் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "முதல் கார் வாங்கப் போறேன் ஓய், உங்க ஊரு மழைக்கு எது நல்லதுன்னு சொல்லும்"னு கேட்டார். ஒரு வரியில சொல்லிட்டு வச்சிருக்கலாம். ஆனா அந்த ஒரு வரிக்கு நான் குடுத்த விலை கொஞ்சம் ஜாஸ்தி. அதனால பதிவாவே போட்டுடறேன்.

எனக்கு கார் பத்தி எழுத என்ன தகுதின்னா, ஒரு தகுதியும் இல்லை. 39 வயசு வரைக்கும் ஸ்கூட்டரைத் தவிர வேற எதையும் ஓட்டாதவன். லைசென்ஸ் மட்டும் பர்ஸுக்குள்ள பத்து வருஷமா தூங்கிட்டு இருந்தது. நான் சொல்றதுல தப்பு இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க திருத்துங்க.

முதல்ல ஊரைப் பத்தி. சிதறால்னா உங்கள்ல பாதிப் பேருக்கு மலைக்கோவில் ஞாபகம் வரும். 9ஆம் நூற்றாண்டு சமணக் கோவில், பாறையில தீர்த்தங்கரர் சிற்பங்கள், மேல நின்னா கண்ணுக்கெட்டின வரைக்கும் தென்னையும் ரப்பரும். போட்டோ எடுக்க வர்றவங்க வெயில் காலத்துல வந்துட்டுப் போயிடுவாங்க. நாங்க மழையிலயும் இங்கதான் இருக்கோம். மார்த்தாண்டம் 7 கிலோமீட்டர். வளைவு, ஏத்தம், இறக்கம், ரெண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், மழை பெஞ்சா தோட்டத்துல இருந்து ரோட்டுக்கு இறங்குற செம்மண்ணு. ஜூன்ல ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை. தமிழ்நாட்டுல மத்தவங்களுக்கு ஒரு மழைக்காலம்னா எங்களுக்கு ரெண்டு.

2023 ஐப்பசியில ஒரு சாயங்காலம். ஸ்கூட்டர்ல நான், நடுவுல மக, பின்னாடி வீட்டுக்காரி. தூறல்தான், பெரிய மழைகூட இல்லை. ஒரு வளைவுல எதிர்ல பஸ் வந்துச்சு. ஒதுங்கினேன். ஓரத்துல செம்மண் சேறு. பயத்துல பிரேக்கைப் பிடிச்சேன். அவ்வளவுதான், வண்டி தானா படுத்துடுச்சு. வேகம் என்ன, ஒரு முப்பது இருக்கும்.

மகளுக்கு முட்டில சிராய்ப்பு. எனக்கு ஒண்ணும் இல்லை, ஹெல்மெட் போட்டிருந்தேன். வீட்டுக்காரி போடலை. நல்லவேளை தலை தப்பிச்சது, கையை ஊனி விழுந்ததுல வலது மணிக்கட்டு உடைஞ்சு தகடு வச்சு ஆணி போட்டாங்க. ஹெல்மெட்டு என் தலையிலயும் எலும்பு முறிவு அவ கையிலயும். இதை எப்படி எழுதினாலும் நல்லா இல்லை, அதனால இப்படியே விட்டுடறேன்.

அவ ஆஸ்பத்திரில வச்சு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. "இனி மழையில இவள அந்த வண்டில ஏத்தாதீங்க." அப்படித்தான் கார் பேச்சு ஆரம்பிச்சது.

பட்ஜெட் நாலரை லட்சம். சீட்டு எடுத்த பணம், கொஞ்சம் சேமிப்பு, மீதிக்கு அவ சங்கிலியை வச்சு நகைக்கடன். ஷோரூம் பக்கம் போய்ப் பார்த்துட்டு, இந்தக் காசுக்கு பழைய வண்டிதான்னு முடிவாச்சு.

கார் வாங்கப் போறேன்னு வெளில சொன்னதும் ஊர்ல எல்லாரும் எஞ்சினியர் ஆயிட்டாங்க. "என்ன குடுக்கும்?"னு கேட்டவங்கதான் முக்காவாசி. மைலேஜாம். அடுத்தது ரீசேல். அப்புறம் சர்வீஸ் பக்கத்துல இருக்கா. மழையில பிரேக் பிடிச்சா எங்க நிக்கும்னு ஒருத்தர்கூட கேக்கலை. நான் கேட்டப்ப கூட வேலை பாக்குற அண்ணன் சிரிச்சார். "நம்ம ரோட்டுல என்ன நூறுலயா போவப் போற? நாப்பதுல போறவனுக்கு எந்தக் காரும் சேஃப்தான்டே."

நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனா முப்பதுல போய் விழுந்தவன் நான்.

ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். குளோபல் என்கேப்னு ஒரு அமைப்பு நம்ம ஊரு கார்களை வாங்கி மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல மோத விட்டுப் பார்க்குது. 2014 ஜனவரியில முதல் தடவை இந்தியக் கார்களோட ரிசல்ட்டை வெளியிட்டாங்க. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோன்னு அஞ்சு கார். ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்ல அஞ்சுமே பூஜ்யம் ஸ்டார். அதே போலோவுல ரெண்டு ஏர்பேக் வச்சு சோதிச்சப்ப நாலு ஸ்டார். ஒரே வண்டி, ஒரே பேரு. பூஜ்யத்துக்கும் நாலுக்கும் நடுவுல இருந்தது எந்த வேரியண்ட்டுங்கிறதுதான். பேரைப் பார்த்து வாங்கக் கூடாது, வேரியண்ட்டைப் பார்த்து வாங்கணும்னு அன்னிக்குப் புரிஞ்சது. 2018 டிசம்பர்ல டாடா நெக்ஸான் அஞ்சு ஸ்டார் வாங்கின பிறகுதான் ஸ்டார்ங்கிற பேச்சே நம்ம ஆளுங்க வாயில வந்தது. இப்போ 2023 அக்டோபர்ல இருந்து பாரத் என்கேப்னு நம்ம அரசாங்கத்தோட சோதனையும் இருக்கு.

ஸ்டார் பார்க்கும்போது ஒரு விஷயம், வருஷத்தையும் சேர்த்துப் பாருங்க. 2022 ஜூலையில குளோபல் என்கேப் விதிகளைக் கடுமையாக்கிட்டாங்க. பழைய பரீட்சையில வாங்கின நாலும் புதுப் பரீட்சையில வாங்கின நாலும் ஒண்ணு இல்லை.

பழைய வண்டி வாங்குறவங்களுக்கு ஸ்டாரை விட முக்கியமா எனக்குப் பட்டது சில தேதிகள். குறிச்சு வச்சுக்கோங்க. 2019 ஏப்ரல்ல இருந்து விக்கிற எல்லாக் கார்லயும் ஏபிஎஸ் கட்டாயம். 2019 ஜூலையில இருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். 2022 ஜனவரியில இருந்து பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். அதுக்கு முந்தின வண்டின்னா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேரியண்ட் பேரை ஆர்.சி. புத்தகத்துல பார்த்து உறுதி பண்ணணும்.

ஏபிஎஸ்னா என்னன்னு என்னைப் போல தெரியாதவங்களுக்கு. ஈர ரோட்டுல பிரேக்கை ஓங்கி மிதிச்சா சக்கரம் சுத்தறதை நிறுத்திடும், ஆனா வண்டி நிக்காது, வழுக்கிட்டே போகும். சுத்தாத சக்கரம் ஸ்டியரிங் பேச்சையும் கேக்காது. நீங்க எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராத்தான் போகும். என் ஸ்கூட்டருக்கு ஆனது அதுதான். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கப் போறதைக் கண்டுபிடிச்சு பிரேக்கை நொடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும். பிரேக் பிடிச்சுக்கிட்டே ஒதுங்கலாம். வண்டி சட்டுனு நின்னுடும்னு அர்த்தம் இல்லை, உங்க பேச்சைக் கேக்கும்னுதான் அர்த்தம்.

சரி, இவ்வளவும் படிச்சாச்சே, ஞானி ஆயிட்டேன்னு பாத்தா, இல்லை :-)

மார்ச் மாசம் ஒரு வண்டி வந்துச்சு. 2013 மாடல் சின்ன கார், டாப் வேரியண்ட், ஏபிஎஸ் உண்டு, ரெண்டு ஏர்பேக் உண்டு. விலை ரெண்டேகால் லட்சம். பட்ஜெட்ல பாதி! நகைக்கடனே வேண்டாம். வெள்ளை வெளேர்னு பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்தாங்க. டயர் கன்னங்கரேல்னு பளபளன்னு இருந்துச்சு. முன்னாடி தடிமனா ஒரு இரும்பு பம்பர் கார்டு வேற. விக்கிறவர் அதைத் தட்டிக்காட்டி "நல்ல பலம் பாத்துக்கிடுங்க"ன்னார். எனக்கு மனசுல முடிஞ்சு போச்சு. அட்வான்ஸ் குடுக்க பத்தாயிரம் பையில இருந்துச்சு.

அப்பாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். சும்மா ஒரு மரியாதைக்குத்தான். அப்பாவுக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது, சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்டினதில்லை. நாப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் வெட்டினவர். விடியறதுக்கு முன்னாடி கத்தியோட போய் மரம் மரமா வெட்டி, சிரட்டையில பால் எடுத்து, ஆசிட் ஊத்தி உறைய வச்சு, ரோலர்ல ஷீட் அடிச்சு, புகைப்புரையில தொங்கப்போட்டு... எங்க படிப்பு, வீடு, தங்கச்சி கல்யாணம் எல்லாம் அந்தப் பாலுதான்.

நான் உள்ள உக்காந்து ஏசி, பாட்டு எல்லாம் சோதிச்சுட்டு இருந்தேன். அப்பா கீழ குத்தவச்சு உக்காந்து டயரைப் பார்த்துட்டு இருந்தார். கட்டைவிரல் நகத்தை வச்சு பக்கவாட்டுல அழுத்தினார். கையால தேச்சார். பாலிஷ் கறுப்பா கையில ஒட்டினதும் அடியில பொடிப்பொடியா வெடிப்பு தெரிஞ்சது.

"மக்களே, இஞ்ச வா."

போனேன்.

"இது செத்த ரப்பராக்கும். நகம் எறங்க மாட்டேங்குது பாரு. கறுப்பு தேச்சு வச்சிருக்கானுவ."

விக்கிறவர் வந்து "டயர்ல பட்டன் நல்லா இருக்கே அண்ணாச்சி, முக்காவாசி மிச்சம் இருக்கு"ன்னார். உண்மைதான், பள்ளம் ஆழமாத்தான் இருந்துச்சு. அப்பா அதுக்குப் பதிலே சொல்லலை. என்கிட்ட மட்டும் சொன்னார்.

"பழைய ஒட்டுபாலு காஞ்சு கெடந்தா எப்படி இருக்கும்? கல்லு மாதிரி இருக்குமில்லியா? அது ஈரத்துல பிடிக்குமா? ஒனக்க பிள்ளைய ஏத்துகதுக்கா இது?"

அந்தப் பளபளப்புல நான் பார்க்காம விட்ட ஒண்ணு டயர்லயே அச்சடிச்சு இருந்தது. டயர் பக்கவாட்டுல ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அந்த வண்டில இருந்தது 1815. அதாவது 2015ஆம் வருஷம் 18ஆவது வாரம் செஞ்சது. ஒன்பது வயசு டயர். வண்டி அதிகம் ஓடலை, அதனால பட்டன் தேயலை. ஆனா வெயிலும் காத்தும் ஓசோனும் ரப்பரைச் சும்மா விடுமா? ஓடினாலும் ஓடாட்டாலும் அது இறுகிட்டேதான் போகும். இறுகின ரப்பர் ஈர ரோட்டோட சின்னச் சின்ன மேடுபள்ளத்துல பதியாது, மேலாக்க வழுக்கும்.

கார் டயர்ல அப்பா எடுத்த மாதிரி மரத்துப் பால் கொஞ்சம்தான், செயற்கை ரப்பரும் கார்பன் கரியும்தான் அதிகம். லாரி டயர்லதான் மரத்து ரப்பர் நிறைய. ஆனா வயசாகுறது ரெண்டுக்கும் பொதுதான். அந்த ஏபிஎஸ், ஸ்டார், ஏர்பேக் எல்லாத்தையும் ராத்திரி ராத்திரி படிச்ச எனக்கு, வண்டி ரோட்டைத் தொடுற இடம் நாலு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான்னு தோணவே இல்லை. ஏபிஎஸ் எவ்வளவு கெட்டிக்காரத்தனமா பிடிச்சாலும் அந்த நாலு உள்ளங்கை வழியாத்தான் பிடிச்சாகணும்.

"டயர் நாலும் மாத்திக்கலாமே அப்பா, பதினெட்டு இருபதாயிரம்தானே"ன்னேன். எனக்கு அந்த வண்டியை விட மனசில்லை.

"டயர இப்படி மறைக்கவன் வேற என்னத்த எல்லாம் மறைச்சிருக்கானோ"ன்னார்.

சரின்னு தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் முதல்ல பண்ணின காரியம் சாவியைத் திருப்பி டேஷ்போர்டைப் பார்த்தது. ஏர்பேக் விளக்கு எரிஞ்சு, சில வினாடியில அணையணும். இதுல எரியவே இல்லை. "ஒண்ணு பல்பு போயிருக்கும், இல்லேன்னா ஏற்கெனவே ஒருக்க வெடிச்ச ஏர்பேக்க மாத்தாம மூடி வச்சிட்டு, வெளக்க பிடுங்கிப் போட்டிருப்பினும்"னார். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தார். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்துல மூழ்கின வண்டிகள் அதுக்கப்புறம் கழுவித் துடைச்சு பல ஊருக்குப் போயிருக்கு. எல்லாத்தையும் கழுவினாலும் பெல்ட்டோட சுருளுக்குள்ள சேத்துக்கோடு நின்னுடுமாம். எங்களுக்குப் பாறசாலை கூப்பிடு தூரம், அதனால இது தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய விஷயம். அந்த வண்டி பெல்ட் சுத்தமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அந்த இரும்பு பம்பர் கார்டும் 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை பண்ணினதுதான். மோதுற வேகத்தை முன்பக்கத் தகரம் மடங்கி வாங்கணும், அதுக்குக் குறுக்க இரும்பை வச்சா கணக்கே மாறிடும்னு விளக்கினார்.

விட்டாச்சு. பத்தாயிரம் பையிலயே திரும்பி வந்தது. வீட்டுக்காரி "ஒரு டயருக்காவா?"ன்னு கேட்டா. அவ சங்கிலி தப்பிக்கிற மாதிரி இருந்த ஒரே வண்டி அது. நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா வெத்திலையைப் பார்த்தார்.

மாண்ட்ரியால்ல இருக்கிற சித்தி மகன்கிட்ட இதைச் சொன்னப்ப அவன் ஆச்சரியப்படவே இல்லை. அவன் இருக்கிற கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் பனிக்கால டயர் போடலைன்னா அபராதம். சாதாரண டயர் குளிர்ல இறுகிடும், அதனால குளிர்லயும் மெத்துன்னு இருக்கிற ரப்பர்ல தனியா செய்றாங்களாம். "இஞ்ச எல்லாரும் கார் என்ன பிராண்டுன்னு கேக்க மாட்டாவ அண்ணா, டயர் மாத்தியாச்சான்னுதான் கேப்பாவ"ன்னான். அங்க குளிர் பண்ற வேலையை இங்க வெயில் பண்ணுது. ஒன்பது வருஷ வெயில்.

குளிர்காலம்னதும் ஞாபகம் வருது. எங்க ஊர்ல குளிர்காலம் ரப்பர் மரத்துக்கு மட்டும்தான் உண்டு. மார்கழி தை மாசத்துல மொத்த இலையையும் உதிர்த்துட்டு மொட்டையா நிக்கும். ரப்பர்க்காரங்க அதுக்கு விண்டரிங்னே பேரு வச்சிருக்காங்க. ரோடு பூரா இலை. அது மேல ஒரு தூறல் விழுந்தா அதுவும் ஐஸ் மாதிரிதான். ஆக நாங்களும் பனிக்காலத்துல ஓட்டுறவங்கதான், என்ன சொல்றீங்க :-)

கடைசில 2024 மே மாசம், இடவப்பாதி மழைக்கு ரெண்டு வாரம் முன்னாடி, 2020 மாடல் டியாகோ ஒண்ணு அமைஞ்சது. டிஎன் 75, நம்ம மார்த்தாண்டம் ரெஜிஸ்ட்ரேஷன்தான். ஒரே ஓனர். ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ். 2020 ஜனவரியில குளோபல் என்கேப்ல பெரியவங்களுக்கு நாலு ஸ்டார், குழந்தைகளுக்கு மூணு. பழைய பரீட்சைதான், அது தெரிஞ்சுதான் வாங்கினேன். நாலு லட்சத்து முப்பதாயிரம். சங்கிலி பேங்குக்குப் போச்சு. டயரைப் பார்த்துட்டு அப்பா, முன்னாடி ரெண்டு சரி, பின்னாடி ரெண்டு வேண்டாம்னார். இலக்கம் பார்த்தா ரெண்டும் வேற வேற வருஷம். நாலையும் மாத்திட்டேன். அந்தக் காசுக்கு மக டச் ஸ்கிரீன் கேட்டிருந்தா.

ஓட்டக் கத்துக்கிட்டது இன்னொரு கதை. எங்க இன்ஸ்ட்ரக்டர் சொன்னதுல ஒண்ணு மட்டும் இங்க எழுதறேன். மழை பெஞ்ச ஒரு காலையில ஆளில்லாத மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய் "முப்பதுல வந்து சவிட்டும் பாப்போம், சவிட்டின கால எடுக்கப்படாது"ன்னார். மிதிச்சேன். பெடல் காலுக்கடியில தடதடன்னு உதறுச்சு. பயந்து காலை எடுத்துட்டேன். "அதுதான் ஏபிஎஸ். அது ஒதறத்தான் செய்யும். பயந்து கால எடுத்தா கத முடிஞ்சு"ன்னார். ஏபிஎஸ் இருந்தும் நிறையப் பேரு அந்த உதறல்ல பயந்து காலைத் தூக்கிடறாங்களாம். ஸ்கூட்டர்ல இருந்து வர்றவங்களுக்கு விட்டுவிட்டுப் பிடிக்கிற பழக்கம் வேற. புதுசா வாங்குறவங்க ஒரு தடவையாவது இதைப் பண்ணிப் பாருங்க. நிஜமாவே தேவைப்படுற நாள்ல முதல் தடவையா அந்த உதறலைச் சந்திக்க வேண்டாம்.

இன்னொண்ணு வேகம். வேகம் பாதியானா நிக்கிற தூரம் பாதி ஆகாது, கால்வாசி ஆகும். 60ல இருந்து 40க்கு இறங்கினாலே பிரேக் பிடிச்ச பிறகு ஓடுற தூரம் பாதிக்கும் கீழ வந்துடும். இது எந்த வேரியண்ட்லயும் இலவசமா வர்றது. டயர் பள்ளமும் அப்படித்தான். சக்கரத்துக்கு அடியில வர்ற தண்ணியை வெளில தள்ளத்தான் அந்தப் பள்ளம். அது 1.6 மில்லிமீட்டருக்கு வந்தா பள்ளத்துக்குள்ள குறுக்கா ஒரு சின்ன மேடு மட்டமாத் தெரியும், சட்டப்படி அதோட சரி. மழை ஊர்க்காரங்க அதுக்கு முன்னாடியே மாத்திடறது நல்லது. தேஞ்ச டயரும் வேகமும் சேர்ந்தா தண்ணியை வெளில தள்ள நேரம் இருக்காது, டயர் ரோட்டைத் தொடாம தண்ணி மேல மிதக்கும். அப்போ பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

சீட் பெல்ட்ல வீட்டுல பெரிய சண்டை. பின் சீட்லயும் போடணும்னு நான் ஒத்தைக்கால்ல நின்னேன். 2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி இறந்தது ஞாபகம் இருக்கும். பெரிய விலைக் கார், பின் சீட், பெல்ட் போடலை. மகளுக்கு உயரம் காணாது, பெல்ட் கழுத்தை அறுக்கும், அதனால ஒரு பூஸ்டர் சீட் வாங்கி வச்சேன். அவ உடனே ஒத்துக்கிட்டா, வெளில நல்லாத் தெரியுதாம். அப்பாதான் "என்னைய என்னத்துக்கு கட்டிப் போடுக, நான் மாடா"ன்னு பத்து நாள் கோவிச்சுட்டு இருந்தார். நான் டயர் கதையை எடுத்து விட்டேன். "அன்னிக்கு ரப்பர் விஷயத்துல நீங்க சொன்னத நான் கேட்டேன்லா?"ன்னேன். அப்புறம் போட்டுக்கிட்டார், முணுமுணுத்துக்கிட்டேதான்.

அந்த வருஷ ஐப்பசி. திருவட்டார் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு ராத்திரி திரும்பறோம். நல்ல மழை. பேச்சிப்பாறையில தண்ணி தொறந்தா குழித்துறை சப்பாத்து முங்குறது எங்களுக்குப் பழக்கம்தான். 2021 நவம்பர் வெள்ளத்துல மாவட்டமே தீவு தீவா ஆனதும் மறக்கலை. அன்னிக்கு அவ்வளவு இல்லை. ஆனா வர்ற வழியில ஒரு சின்னப் பாலத்து மேல தண்ணி குறுக்க ஓடுச்சு. வாழைத்தோட்டத்துல இருந்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் விழுது. லைட் வெளிச்சத்துல ஆழம் தெரியலை.

எங்களுக்கு முன்னாடி ஒரு ஜீப் போச்சு. பைக்ல ரெண்டு பசங்க காலைத் தூக்கிக்கிட்டு போயிட்டானுங்க. பின்னாடி நின்ன கார்க்காரர் ஹாரன் அடிச்சார். எனக்கும் கை துறுதுறுத்துச்சு. புது டயர், ஏபிஎஸ், நாலு ஸ்டார். போனா என்ன?

ஓடுற தண்ணி ஒரு அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிடலாம்னு நான் படிச்சிருக்கேன். மிதக்குற வண்டிக்கு எத்தனை ஸ்டார் இருந்து என்ன? எஞ்சினுக்குள்ள தண்ணி போய் நின்னுட்டா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, பண்ணினா எஞ்சின் போச்சுங்கிறதும் தெரியும். தெரிஞ்சும் கால் ஆக்சிலரேட்டர்லதான் இருந்துச்சு.

"போவாண்டாம் மக்களே"ன்னார் அப்பா. பெல்ட் போட்டு உக்காந்திருந்தார். "வெள்ளத்துக்க அடியில ரோடு இருக்கா இல்லியான்னு ஆரு கண்டா."

ரிவர்ஸ் எடுத்தேன். பின்னாடி நின்ன கார்க்காரர் ஏதோ சொன்னார், கண்ணாடி மூடியிருந்ததால கேக்கலை. அருமனை சுத்தி வீடு வந்து சேர முக்கா மணி நேரம் கூடுதலாச்சு. மக தூங்கிட்டா.

மறுநாள் காலையில அந்த வழியாத்தான் வேலைக்குப் போனேன். தண்ணி வடிஞ்சிருந்துச்சு. பாலம் அப்படியே இருந்துச்சு, ரோடும் இருந்துச்சு. யாரும் மாட்டிக்கலை, எந்த வண்டியும் அடிச்சிட்டுப் போகலை. நேத்து போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது போல. சாயங்காலம் வீட்டுல சொன்னேன். அவ அந்தக் கையால சாயா ஆத்திட்டு இருந்தா. மழை பெஞ்சா இன்னும் வலிக்கும் அவளுக்கு. "ஒண்ணும் ஆகலேன்னா நல்லதுதானே"ன்னு சொல்லிட்டு டம்ளரை நீட்டினா.

நண்பர் கேட்ட கேள்விக்கு ஒரு வரிப் பதில் இதுதான். ஏபிஎஸ், ஏர்பேக் உள்ள வண்டியா பாருங்க, டயரோட வயசைப் பாருங்க, பெல்ட்டைப் போடுங்க, தண்ணி ஓடுற இடத்துல திரும்புங்க. எந்த பிராண்டுங்கிறது அதுக்கு அப்புறம்.

அப்பா இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவை வண்டியைச் சுத்தி வந்து நாலு டயரையும் நகத்தால அமுக்கிப் பார்க்கிறார். "உயிரு இருக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவார்.

நீங்க உங்க முதல் வண்டியை எதைப் பார்த்து வாங்கினீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. மைலேஜ்னு சொன்னாலும் திட்ட மாட்டேன் :-)